ஆறுதலைக் குற்றச்சாட்டாக மாற்றிவிட்டோம்

கிறிஸ்துவுக்குள் அன்பான பாஸ்டர்மார்களே, கிராம ஊழியம் செய்கிற தம்பிமார்களே, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை விடாமல் நடத்திவரும் தாய்மார்களே,

திருமுக்கூடலிலும், சாலவாக்கம், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும், பாலாற்றுக்கு அக்கரையில் பழைய சீவரம், வாலாஜாபாத் வரையிலும் தகர ஷீட் போட்ட ஜெப வீடுகளில் முழங்கால் போடுகிற உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் கிராம சுகாதாரச் செவிலியாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். உங்களோடு உட்கார்ந்து ஜெபிக்கிறவள். வெளியிலிருந்து யாரோ வந்து நம் விசுவாசத்தைக் குறை சொல்வதாக ஒருவரும் நினைத்துவிடக் கூடாது என்றுதான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

மனுஷனுடைய எண்ணத்துக்குள் ஆவிக்குரிய பாதிப்பு உண்டு என்று நான் நம்புகிறேன். பரிசுத்த ஆவியானவர் உணர்த்துகிறார், சத்துரு காதில் ஓதுகிறான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் வருத்தம் வேறு. எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொன்ன வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சோதித்துப் பார்ப்பதை நாம் விட்டுவிட்டோம். ராத்திரி தூக்கம் வராதவரா, பிசாசு. வலிப்பு வந்த பிள்ளையா, அசுத்த ஆவி. கல்யாணம் தள்ளிப்போகிற பெண்ணா, யாரோ வைத்த செய்வினைக் கட்டு. அதே கூட்டத்தில் மைக் பிடித்து நிற்கிறவருடைய மனதில் என்ன தோன்றினாலும் அது கர்த்தர் சொன்னது. எளியவருக்கு வருவதெல்லாம் கீழிருந்தும், பேசுகிறவருக்கு வருவதெல்லாம் மேலிருந்தும் வருவதாக எந்த அப்போஸ்தலன் போதித்தான்?

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வேலையில் இருந்தபோது, பிரசவமான ஒரு பெண்ணைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். தலைப்பிள்ளை, பெண் குழந்தை. எடை நன்றாக ஏறியிருந்தது, பாலுக்கும் குறைவில்லை. ஆனால் அந்த வீட்டு அடுப்படியில் அரிவாள்மனை இல்லை, கத்தி இல்லை, தேங்காய் உடைக்கிற கொடுவாளும் இல்லை. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, நாலு கத்தரிக்காய் நறுக்கவும் அந்த வீட்டுத் திண்ணைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மாமியார் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போன பிறகுதான் வாயைத் திறந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது, இதை நான் வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று ஓர் எண்ணம் வந்து நிற்கிறதாம். தலையை உதறினால் போகும், அடுத்த நிமிஷம் திரும்ப வரும். அதனால்தான் வீட்டில் இரும்பே வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறாள்.

எனக்கு முன்பே இதை அவள் ஒரு உபவாச ஜெபத்தில் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாள். பிள்ளையைப் பலி கேட்கிற ஆவி உனக்குள் இருக்கிறது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பால் கொடுக்கிற உடம்பு என்றும் பார்க்காமல் மூன்று நாள் வெறும் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள். நெற்றியைப் பிடித்துத் தள்ளி, எண்ணெய் பூசி, உன் பேர் என்ன, எங்கேயிருந்து வந்தாய் என்று அவளுக்குள் இருப்பதாகச் சொன்ன ஒன்றிடம் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அதுவரை எப்போதாவது வந்த எண்ணம், அதற்குப் பிறகு நாள் முழுக்க வந்தது. முன்பு அந்த எண்ணத்துக்குத்தான் பயந்தாள், அன்றிலிருந்து தன்னைப் பார்த்தே பயந்தாள்.

பிறகு அவள் பார்த்த மனநல மருத்துவர் அவளிடம் ரொம்ப நேரம் பேசினார். இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பேர், பிள்ளைமேல் பாசம் இல்லாதவளுக்கு இந்தத் தவிப்பு வராது, பாசம் இருப்பதால்தான் இந்த எண்ணம் உன்னை இப்படி உலுக்குகிறது என்று விளக்கினார். மாத்திரை எழுதினார். எண்ணம் வந்தால் சண்டை போடாமல், அது வந்து போகட்டும் என்று விடப் பழக்கினார். சில மாதம் பிடித்தது. பிறகு ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனபோது அதே அடுப்படியில் அரிவாள்மனைமேல் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், பிள்ளை பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்தது.

இதில் ஒன்றை நீங்கள் கட்டாயம் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணத்தைக் கண்டு பயந்து நடுங்குகிற தாய் வேறு. பிரசவமான சில நாளிலேயே இரவெல்லாம் தூங்காமல், யாரோ கட்டளையிடுவது காதில் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு, அந்தக் குரலை நம்பியும் விடுகிற தாய் வேறு. இரண்டாவது நிலைமை உயிருக்கே ஆபத்து. அவளைத் தனியாக விடாதீர்கள். முழு இரவு ஜெபம் வைத்துக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த மணி நேரமே 108-ஐக் கூப்பிடுங்கள்.

விரும்பாமல் வந்து விழுகிற கெட்ட எண்ணம் எத்தனை பேருக்கு வருகிறது என்று 1978-இல் லண்டனில் ராக்மன், பத்மல் டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். டி சில்வா இலங்கையில் பிறந்தவர். எந்த நோயும் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டபோதே, ஐந்தில் நான்கு பேர் தங்களுக்கும் அப்படி வருவதாகச் சொன்னார்கள். கிணற்றை எட்டிப் பார்க்கும்போது குதித்துவிடலாமா என்று ஓர் எண்ணம், திருவிருந்து வாங்கும்போது அசிங்கமான ஒரு வார்த்தை, பெற்ற தகப்பன்மேல் ஒரு கொடூரமான நினைப்பு. நம் சபையில் நூறு பேர் உட்கார்ந்திருந்தால் அதில் பெரும்பாலானவர்களுக்கு இது வந்திருக்கும். யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று எல்லோரும் கண்ணால் பார்த்திருக்கிறார்களே.

ஆனால் நம் விசுவாசத்தின் மூதாதையர் இதைச் சொன்னார்கள், எழுதியும் வைத்தார்கள்.

‘மோட்சப் பிரயாணம்’ எழுதிய ஜான் பனியனை உங்களுக்குத் தெரியும். 1628-இல் பிறந்து 1688-இல் இறந்த ஆங்கிலேயர். ஓட்டை உடைசல் பாத்திரம் அடைக்கிற கைவேலைக்காரர். பிரசங்கம் பண்ணியதற்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு வருஷம் கிடந்தவர். சிறையிலிருந்தபோது, 1666-இல், தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கிறிஸ்துவை விற்றுவிடு என்று ஓர் எண்ணம் தன்னை விடாமல் துரத்தியதை அதில் எழுதியிருக்கிறார். சாப்பிட உட்கார்ந்தால் வரும், குண்டூசியை எடுக்கக் குனிந்தால் வரும், விறகு வெட்டினால் வரும். மாட்டேன், மாட்டேன் என்று மூச்சு வாங்கப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போயிருக்கிறார். அந்தத் தாய்க்கு நடந்ததும் இதுதான்.

1678-இல் வெளிவந்த மோட்சப் பிரயாணத்தில், மரண நிழலின் பள்ளத்தாக்கில் கதாநாயகன் கிறிஸ்தியான் நடக்கும் இடத்தை எடுத்துப் படியுங்கள். துஷ்ட ஆவி ஒன்று பின்னால் பதுங்கி வந்து தேவதூஷணமான பேச்சை அவன் காதில் மெல்ல ஓதுகிறது. கிறிஸ்தியானுக்கோ அது வேறொருவரின் குரல் என்று தெரியவில்லை. இதெல்லாம் என் நெஞ்சிலிருந்தே கிளம்புகிறதே, இவ்வளவு நேசித்த ஆண்டவரை நானே தூஷிக்கிறேனே என்று தவிக்கிறான். பனியன் எதற்காக இந்தக் காட்சியை எழுதினார்? ஓதுகிறவன் வேறொருவன், நீ இல்லை, உன்மேல் இந்தக் குற்றம் சேராது என்று தன்னைப்போலத் தவிக்கிறவர்களுக்குச் சொல்லத்தான். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, இந்தக் கதையைத் தழுவித்தான் ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைப் பாடினார். 1894-இல் அச்சானது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு இந்தப் புரிதல் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது.

இங்கேதான் நாம் தவறிவிட்டோம், சகோதரரே. எண்ணம் வெளியிலிருந்தும் வரலாம் என்ற போதனை, தவிக்கிறவனுக்கு ஆறுதலாகக் கொடுக்கப்பட்டது. உன் எண்ணம் நீயல்ல என்று சொல்லிக் குற்றவுணர்விலிருந்து அவனை விடுவிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. அதே போதனையை வைத்துக்கொண்டு நாம் எதிர்ப்பக்கம் போய்விட்டோம். எண்ணம் பிசாசினுடையது என்றால் பிசாசு உனக்குள் இருக்கிறது, பிசாசு உனக்குள் இருக்கிறது என்றால் நீ எங்கேயோ கதவைத் திறந்திருக்கிறாய், என்ன பாவம் செய்தாய் சொல் என்கிறோம். யோபுவின் சிநேகிதர்கள் செய்த வேலை இது. அவர்கள்மேல் கர்த்தர் கோபப்பட்டதையும் நாம் வாசித்திருக்கிறோம்.

பனியனுக்கு ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கும் முன்னால் எகிப்து வனாந்தரத்தில் எவாகிரியு என்று ஒரு துறவி இருந்தார். 399-இல் இறந்தார். மனதைத் தாக்கும் எட்டு வகை எண்ணங்களை அவர் எழுதிவைத்திருக்கிறார். போஜனப்பிரியம், இச்சை, பண ஆசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை. நடுப்பகலில் துறவியைப் பிடிக்கிற சோர்வைப் பற்றி அவர் எழுதியதை நம் சித்திரை வெயிலில் வாசித்தால் அப்படியே புரியும். சூரியன் நகரவே நகராது. எத்தனை மணி ஆயிற்று என்று துறவி ஜன்னல் வழியே பார்ப்பான். யாராவது வரமாட்டார்களா என்று எட்டிப் பார்ப்பான். இந்த இடமே சரியில்லை, இந்த வாழ்க்கையே வீண் என்று நினைப்பான். எவாகிரியு இதைப் பிசாசின் தாக்குதல் என்றுதான் சொல்கிறார், மறைக்கவில்லை. ஆனால் அடுத்ததாகச் சொல்வதுதான் முக்கியம். இந்த எண்ணங்கள் வருவதும் வராததும் நம் கையில் இல்லை, வந்ததை உட்காரவைத்து உபசரிப்பதும் விடுவதும்தான் நம் கையில் இருக்கிறது என்கிறார். வந்ததற்காக யாரையும் அவர் தண்டிக்கவில்லை.

அவர் வழியில் வந்த ஜான் காசியன் இன்னும் தெளிவாகச் சொன்னார். எண்ணத்துக்கு மூன்று ஊற்று: தேவன், பிசாசு, நாமே. மூன்றாவதைக் கவனியுங்கள். நம் உடம்பு, நம் ஞாபகம், நம் பழக்கம், நம் பசி, தூக்கமின்மை எல்லாம் அதற்குள் வந்துவிடும். நாணயமாற்றுக்காரன் ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்த்து, உரசிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து வாங்குவதைப்போல எண்ணத்தைச் சோதித்து வாங்கு என்றார். சேலைக்குச் சரிகை அசலா என்று உரசிப் பார்த்து வாங்குகிற காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

கத்தோலிக்கச் சபையின் இக்னேஷியஸ் லொயோலாவை நம்மில் பலர் வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். 1521-இல் பம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு காலை உடைத்ததால் படுக்கையில் கிடந்தவர், தன் பகற்கனவுகளையே கவனிக்க ஆரம்பித்தார். ஒரு வகைக் கனவு அந்த நேரத்துக்கு இனித்துப் பிறகு மனதை வறண்டுபோக விட்டது. இன்னொரு வகை, முடிந்த பிறகும் சமாதானத்தை விட்டுச் சென்றது. எண்ணத்தை அதன் கனியை வைத்து அறியலாம் என்று அவர் கண்டது அங்கேதான். அடுத்த வருஷம் மன்ரேசா என்ற ஊரில் அவருக்கே மனம் கலங்கிப்போனது. அறிக்கையிட்ட பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார், அப்போதும் நிம்மதி இல்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்தது. பாவம் நீங்கும்வரை சாப்பிடமாட்டேன் என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். அவருடைய பாவசங்கீர்த்தனக் குரு என்ன செய்தார் தெரியுமா? உபவாசத்தை முறித்துச் சாப்பிடு என்று கட்டளையிட்டார். இக்னேஷியஸ் கீழ்ப்படிந்து சாப்பிட்டார். அந்தக் குரு இன்னும் ஒரு வாரம் உபவாசம் போடு என்று சொல்லியிருந்தால், 1540-இல் பிறந்த இயேசு சபையும் இல்லை, அந்தச் சபையிலிருந்து தமிழகத்துக்கு வந்த வீரமாமுனிவரும் இல்லை.

இக்னேஷியஸ் பிற்பாடு எழுதிய விதிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். சத்துரு எப்போதும் ரகசியத்தையே விரும்புவான், நல்ல ஆலோசகரிடம் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் அவன் பலம் போய்விடும் என்பது ஒன்று. மனம் இருண்டிருக்கும் நாளில் பழைய தீர்மானத்தை மாற்றாதே என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நம் ஜெப வீடுகளில் வைத்துப் பாருங்கள். சொல்ல வந்தவளைப் பிசாசுக்காரி என்றால், அவளை ரகசியத்துக்குள் திருப்பித் தள்ளுவது யார்? விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று இருண்ட நாளில் ஒருவனிடம் சொல்கிற குரல் எந்தப் பக்கத்துக் குரல்?

வேதத்தை விட்டுவிட்டு மற்றவர்களைப் பேசுகிறாளே என்று நினைப்பீர்கள். வேதத்துக்கே வருகிறேன். மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறான். பையன் கீழே விழுந்து, நுரை தள்ளி, பல்லைக் கடித்து விறைத்துப்போகிறான். அங்கே அசுத்த ஆவி இருந்தது என்று வேதம் சொல்வதை நானும் நம்புகிறேன். ஆனால் இயேசு முதலில் தகப்பனிடம் கேட்ட கேள்வியைக் கவனித்தீர்களா? இது இவனுக்கு எவ்வளவு காலமாய் இருக்கிறது என்று கேட்டார். எல்லாம் அறிந்தவர் அப்படிக் கேட்டார். நாற்பது வருஷம் படித்த மருத்துவரும் முதலில் கேட்பது அதைத்தான். நாமோ கேட்பதே இல்லை. எப்போதிலிருந்து, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை, சாராயம் உண்டா, வீட்டில் யார் அடிக்கிறார்கள், கடன் எவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்காமல் நேரே அதட்ட ஆரம்பித்துவிடுகிறோம்.

மத்தேயு 16-இல் பேதுரு, நீர் கிறிஸ்து என்று அறிக்கையிட்டபோது, அதைப் பிதாவே உனக்கு வெளிப்படுத்தினார் என்றார் ஆண்டவர். அதே அதிகாரத்தில், சில வசனங்கள் தாண்டி, சிலுவை வேண்டாம் என்று அதே பேதுரு சொன்னபோது அதைச் சாத்தானின் பேச்சு என்று கடிந்துகொண்டார். ஒரே வாய்தான். மேலிருந்து வந்ததும் அதில் வந்தது, கீழிருந்து வந்ததும் அதில் வந்தது. அதற்காகப் பேதுருவுக்குள்ளிருந்து யாரையும் துரத்தவில்லை, அவனைப் பட்டினி போடவில்லை, கூட்டத்தை விட்டு விலக்கவும் இல்லை. எண்ணத்தைக் கண்டித்தார், ஆளைத் தன்னோடேயே வைத்துக்கொண்டார்.

சூரைச்செடியின் கீழே சாகக் கேட்ட எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடி எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான். கதரேனர் சீமையில் கல்லறைகளில் இருந்தவனுக்குச் சங்கிலி போட்டது ஊரார். ஆண்டவர் அவனைச் சந்தித்த பிறகு அவன் வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்தான். அவனை வீட்டுக்கு, அவனுடைய இனத்தாரிடத்துக்கு அனுப்பினார்.

சங்கிலி என்றதும் ஏர்வாடி ஞாபகம் வருகிறது. 2001 ஆகஸ்டு 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இதை இன்னொரு மதத்தாரின் குறையாகப் படிக்க நமக்கு உரிமை இல்லை. தெய்வத்தின் பேரால் வியாதிக்காரரைக் கட்டிவைப்பது எல்லா மதத்தாரும் மனந்திரும்ப வேண்டிய பாவம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று தடை போட்டிருக்கிறது. ஜெப வீட்டுத் தூணில் துப்பட்டாவால் கட்டிவைத்தாலும் கட்டிவைத்ததுதான்.

நம் ஊருக்கே வருவோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இந்தத் திருமுக்கூடலில், வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழனுடைய நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 1068-ஆம் ஆண்டு வாக்கில் வெட்டியது. இந்து வேதம் படிக்கிற பிள்ளைகளுக்குச் சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்ததை அது சொல்கிறது. கூடவே ஆதுலர்சாலை என்ற மருத்துவமனையைப் பற்றியும் சொல்கிறது. வீரசோழன் என்று பேர். படுத்துச் சிகிச்சை பெற 15 பேருக்கு இடம். ஒரு வைத்தியர், சல்லியக்கிரியை என்ற அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிக்கு மருந்து கொடுக்கப் பெண்கள் இரண்டு பேர். என் தொழிலுக்கு மூத்த அக்காமார்கள் அவர்கள். நோயாளிக்குத் தினம் இவ்வளவு அரிசி என்றும், ராத்திரி எரிய விளக்கு என்றும், சேமித்துவைக்க இன்னின்ன மருந்து என்றும் எழுதியிருக்கிறது. அந்த மருந்துகளில் நாள்பட வைத்த பழநெய்யும் உண்டு. மனம் கலங்கியவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் பழநெய் உகந்தது என்று ஆயுர்வேத நூலான சரக சங்கிதை சொல்கிறது. தொள்ளாயிரத்து ஐம்பது வருஷத்துக்கு முன் கோயில் வளாகத்திலேயே நோயாளிக்குப் படுக்கையும் சோறும் விளக்கும் மருந்தும் ஏற்பாடு செய்த ஊர் இது. அந்தக் கோயிலில் நாம் கும்பிடுவதில்லை. ஆனால் சுவரில் இருப்பது நம் ஊரின் சாட்சி. சாமியையும் வைத்தியரையும் அந்தக் காலத்து ஜனங்கள் எதிரெதிராக நிறுத்தவில்லை.

நம்முடைய சாட்சியும் தூரத்தில் இல்லை. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. பிற்பாடு, 1955-இல், மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமானது. அங்கே வேலை பார்த்த மிஷனரி மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1946-இல் சல்ஃபோன் மருந்தை நோயாளிகளுக்கு ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். அதுவரை அந்த வியாதியைச் சாபம் என்றார்கள், கர்மம் என்றார்கள், வேதத்தில் தீட்டு என்று இருப்பதைக் காட்டி விலக்கினார்கள். காக்ரேன் ஜெபிக்கிறவர்தான். ஜெபித்துக்கொண்டே ஊசியும் போட்டார். இன்று தொழுநோயாளியைச் சபிக்கப்பட்டவன் என்று நம்மில் ஒரு பாஸ்டரும் சொல்லமாட்டார். இந்த மரியாதை மனம் நொந்தவருக்கு மட்டும் ஏன் இன்னும் கிடைக்கவில்லை?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. கனடாவிலிருந்து மிஷனரியாக வந்த ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் என்ற பெண் மருத்துவரின் முயற்சி அது. நோயாளியைத் தனியாகப் பூட்டிவைக்காமல், குடும்பத்தார் ஒருவரும் கூடவே தங்கிச் சமைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொள்கிற முறையை அங்கே கொண்டுவந்தார்கள். கதரேனர் சீமைக்காரனை வீட்டாரிடம் அனுப்பிய ஆண்டவரின் மனசு அதில் இருக்கிறது.

அப்படியென்றால் பிசாசின் வேலையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நாம் தேடாத இடத்தில் இருக்கிறது. அவன் வனாந்தரத்தில் இயேசுவிடம் வந்தபோது கூச்சல் போடவில்லை, தலையை விரித்து ஆடவில்லை, வசனம் சொன்னான். இன்றைக்கும் நல்ல உடையுடுத்தி, வசனத்தோடுதான் வருகிறான். ஊர் வேறு, காலனி வேறு, கர்த்தருக்கு முன் எல்லோரும் ஒன்று, ஆனால் சம்பந்தம் மட்டும் நம்ம ஆட்களோடு என்கிற எண்ணம் எங்கிருந்து வருகிறது? கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் சாதியைச் சபையிலிருந்து அடியோடு விலக்க வேண்டும் என்று நிருபமே அனுப்பினார். இரு நூற்றாண்டு நெருங்குகிறது. சாதி என்ற ஆவியை எந்த முழு இரவு ஜெபத்திலாவது பேர் சொல்லி அதட்டி நான் கேட்டதில்லை. கல் குவாரியில் தூசியைத் தின்று கூலி வாங்குகிறவனிடம் விதைப்புக் காணிக்கை கேள் என்று ஊழியக்காரர் மனதில் ஓர் எண்ணம் வருகிறதே, அதை உரசிப் பார்த்தோமா? இந்தப் பையனைத்தான் கட்டவேண்டும் என்று கர்த்தர் காட்டினார் என்று ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துகிறோமே, அந்தத் தரிசனத்தை யார் நிறுத்துப் பார்த்தது? நடுங்கிக்கொண்டு வருகிற ஏழைப் பெண்ணின் எண்ணத்தை மட்டும் சோதிப்பது பகுத்தறிதல் ஆகாது. முதலில் பலமுள்ளவரின் எண்ணத்தைச் சோதிக்க வேண்டும். அது அன்பையும் சமாதானத்தையும் இச்சையடக்கத்தையும் தருகிறதா, அல்லது பயத்தையும் பணத்தையும் கொண்டுவருகிறதா என்று கேட்க வேண்டும்.

நீங்கள் ஜெபிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. தேசிய மனநல ஆய்வு 2015-16, பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் குறை இருந்ததாகச் சொன்னது. அவர்களில் பாதிப் பேராவது ஆஸ்பத்திரிக்கு முன் ஒரு கோயிலுக்கோ தர்காவுக்கோ நம் வாசலுக்கோ போயிருப்பார்கள் என்பது என் அனுபவம். ஆகவே, நம் வாசல்தான் பலருக்கு முதல் வாசல். அங்கே உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, எவ்வளவு காலமாய் என்று கேளுங்கள். மருந்து சாப்பிடுகிறவரா என்று கேளுங்கள், சாப்பிடுகிறவர் என்றால் நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிரே போகலாம். பால் கொடுக்கிறவளை, சர்க்கரை வியாதிக்காரரை, தூங்காதவரை உபவாசத்தில் வைக்காதீர்கள். யாருடைய உடம்பையும் அடித்து, தள்ளி, கட்டி ஜெபிக்காதீர்கள். பெண் சொன்ன ரகசியத்தை அடுத்த வாரச் சாட்சியில் சொல்லாதீர்கள்.

காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, தமிழில் பேசலாம், காசு இல்லை. சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பாஸ்டர், சபையில் யாருக்காவது மனம் சரியில்லை என்று தெரிந்தால் முதல் பஸ்ஸில் அவரோடு தானும் ஏறிச் செங்கல்பட்டு போய், ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருத்துவர் கூப்பிடும்வரை பக்கத்தில் உட்கார்ந்து மெல்ல ஜெபிப்பார். மாத்திரை வாங்கும்போது எந்த வேளைக்கு எது என்று கவரில் அவரே எழுதுவார். அவர் சபையில் விடுதலையான சாட்சிகளுக்குக் குறைவே இல்லை.

வருகிற மாதத்தில் எந்தக் கிராமத்தில் உபவாச ஜெபம் வைத்தாலும் என்னைக் கூப்பிடுங்கள். பத்து நிமிஷம் போதும். எந்த அறிகுறி வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், வலிப்பு வரும்போது வாயில் எதையும் திணிக்காமல் பக்கவாட்டில் படுக்கவைப்பது எப்படி என்று ஜெபக்குழுத் தாய்மார்களுக்குச் செய்து காட்டுகிறேன். பிறகு உங்களோடு முழங்கால் போடுகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலி,
திருமுக்கூடல்